லென்னி போனார், கேரிபால்டி திரும்பி வந்தார்

டவர் ஆஃப் பவர் குழுவின் 'இன் த ஸ்லாட்' ஆல்பம் என்னிடம் வந்து 11 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அதை நான் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் குழுவின் பழைய பாடகர் லென்னி வில்லியம்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேடியதற்குக் காரணம் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் தொடங்கிய இந்த ஃபங்க் (தாளமே முதுகெலும்பான ஆட்ட இசை) குழுவை எனக்கு அறிமுகம் செய்தது அவர் குரல்தான். 1973-இல் வந்த ஆல்பத்தில் 'ஸோ வெரி ஹார்ட் டு கோ' கேட்டவர்களுக்குத் தெரியும். உச்சிக்குப் போனாலும் அந்தக் குரல் மெலியாது, கத்தவும் செய்யாது. அப்படிப்பட்டவர் விலகிய பிறகு, 1975-இல் ஹியூபர்ட் டப்ஸ் என்ற புதுப் பாடகரோடு வந்த ஆல்பம் இது. டப்ஸின் குரல் கனமானது, கொஞ்சம் கரகரப்பானது. லென்னிக்காகக் காத்திருந்த காதுக்கு அது ஒட்டவில்லை.

அப்புறம் பேஸ் கிட்டார் பழக ஆரம்பித்தேன். அங்கேதான் எல்லாம் மாறியது.

பாடகர் போன அதே ஆல்பத்தில் இன்னொருவர் திரும்பி வந்திருந்தார்: டிரம்ஸ் வாசிக்கும் டேவிட் கேரிபால்டி. முந்தைய ஆல்பமான 'அர்பன் ரினியூவல்' சமயத்தில் அவர் குழுவை விட்டுப் போயிருந்தார். அவரும் பேஸ் வாசித்த ராக்கோ பிரெஸ்டியாவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஹெட்ஃபோனில் கேட்டுத்தான் உணர முடியும். ராக்கோ வலது கையின் விரல்களால் விடாமல் மீட்டுவார். இடது கை தந்தியை உடனுக்குடன் அமுக்கிவிடும். அதனால் எந்த ஸ்வரமும் நீண்டு ஒலிக்காது, தட்டித் தட்டி நடக்கும். கேரிபால்டியோ ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்ன அடிகளைத் தூவிக்கொண்டே போவார். பெரிய அடி விழும் என்று நாம் நினைக்கும் இடத்தில் விழாது, பக்கத்தில் விழும். இருவருக்கும் நடுவில் இருக்கும் மௌனம்தான் உடம்பை அசைக்கிறது.

கடைசியில் வரும் 'டிராப் இட் இன் த ஸ்லாட்' பாட்டைக் கூடவே வாசிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்னும் முழு வேகத்தில் இடது கை தளர்ந்துவிடுகிறது. 'எபோனி ஜாம்' இன்னொரு பொக்கிஷம். பாட்டுக் குரலே கிடையாது, ஆனால் ஒருவர் குறைகிறார் என்று ஒரு நொடி கூடத் தோன்றாது. நண்பர்கள் வந்தால் முதலில் போட்டுக்காட்டுவது அதைத்தான். நல்ல ஸ்பீக்கரில், சத்தமாக.

ஊதுபவர்களையும் விட்டுவிடக் கூடாது. கிரெக் ஆடம்ஸும் மிக் ஜில்லெட்டும் டிரம்பெட், லென்னி பிக்கெட்டும் (இவர் வேறு லென்னி) எமிலியோ காஸ்டில்லோவும் டெனர் சாக்ஸஃபோன், அடியில் ஸ்டீஃபன் 'டாக்' குப்காவின் இன்னும் கனமான பாரிட்டோன் சாக்ஸஃபோன். ஐந்து பேரும் ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துவது போல இருக்கும்.

சரி, டப்ஸ்? அவர்மேல் இன்று எனக்குப் பெரிய மரியாதை. 'ஜஸ்ட் இனஃப் அண்ட் டூ மச்' போன்ற வேகமான பாட்டுகளில் அவர் தாளத்துக்குள்ளேயே நின்று பாடுகிறார். லென்னி வில்லியம்ஸ் தாளத்துக்கு மேலே பறப்பவர். கேரிபால்டி இவ்வளவு நெருக்கமாக வாசிக்கும் ஆல்பத்துக்கு டப்ஸின் கனமான குரல்தான் பொருத்தம் என்று இப்போது தோன்றுகிறது.

மெதுவான காதல் பாட்டுகளில் மட்டும் என் மனம் மாறவில்லை. 'ஆஸ் ஷ்யூர்லி ஆஸ் ஐ ஸ்டாண்ட் ஹியர்' வரும்போது 11 வருடம் கழித்தும் லென்னி பாடியிருந்தால் எப்படி இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். நடுவில் வரும் சின்ன இசைத் துண்டுகள் சிலவும் மனதில் தங்கவில்லை.

குழுவைப் புதிதாகக் கேட்பவர்கள் 1974-இன் 'பேக் டு ஓக்லாந்து' ஆல்பத்தில் தொடங்கி, பிறகு இதற்கு வாருங்கள். டப்ஸ் பிடித்துப்போனால் 1976-இல் வெளியான 'லைவ் அண்ட் இன் லிவிங் கலர்' கேளுங்கள். பழைய பாடகர்களின் பாட்டுகளை அவர் மேடையில் பாடுவது அதில் இருக்கிறது. அடுத்த ஸ்டுடியோ ஆல்பத்தில் அவரும் இல்லை.

ராக்கோ 2020-இல் காலமானார். அன்று இரவு 'எபோனி ஜாம்' போட்டு, என் பேஸைத் தொடாமல், அவர் வாசிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.