டெல்மேஷியஸ் என்று 165 பவுண்டுக்கு விற்ற காசு: இடப்பக்க எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ரோமன் செப்புக்காசு புதிதாகச் சேர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 'டெல்மேஷியஸ், அரிய வாசகம், ஆயுள் உத்தரவாதம்' என்று ஒரு இணைய ஏலத் தளத்தில் போட்டிருந்த காசுக்கு 165 பவுண்ட் போய்விட்டது. டெல்மேஷியஸ் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தம்பி மகன்; வாசகம் என்பது காசின் விளிம்பைச் சுற்றி வரும் எழுத்து. வந்திருப்பது கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் காசு. பத்துப் பவுண்டுக்கு எங்கும் கிடைக்கிற காசு.

நம்ப வைத்தது அந்த விவரிப்புதான். எடை, விட்டம், ஆர்.ஐ.சி. என்ற ரோமன் காசுப் பட்டியலின் ஏழாம் தொகுதி எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த எண்ணுக்குரிய அக்கசாலைக் குறியே (காசு அடித்த இடத்தின் குறி) வேறு என்பது காசு கைக்கு வந்து, பின்பக்கச் சிப்பாய்களின் காலடியைப் படித்த பிறகுதான் தெரிகிறது. அங்கே இருக்கும் குறி 335க்கு முந்திய வெளியீட்டுடையது. டெல்மேஷியஸ் சீசர், அதாவது இளைய பேரரசர், ஆனதே 335 செப்டம்பர் 18இல்!

காசு போலி இல்லை, அதுதான் கொடுமை. எழுத்துதான் பொய். இரண்டு பெயரும் லத்தீனில் டி-ஐ-வி-எஸ் என்றே முடியும். பின்னால் வரும் 'நோப் சி' (NOB C, சீசரின் பட்டம்) என்பதும் ஒன்றே. ஆகவே வலப்பக்க எட்டு எழுத்தைத் தொட வேண்டியதே இல்லை. இடப்பக்கத்தில் 'எஃப்எல் ஐவிஎல் கான்ஸ்டான்' (FL IVL CONSTAN) என்ற 12 எழுத்தை வழித்துவிட்டு, 'எஃப்எல் டெல்மா' (FL DELMA) என்று 7 செதுக்கினால் வேலை முடிந்தது. 12 இருந்த இடத்தில் 7 உட்கார்ந்தால் இடம் மிஞ்சும். இந்தக் காசில் வலப்பக்கம் நெருக்கமாகவும் தேய்ந்தும் இருக்கிறது. இடப்பக்கம் அகல அகலமாக, விளிம்பு கூராக. பத்து மடங்கு லென்ஸில் 'எம்' எழுத்தைச் சுற்றித் தளம் பள்ளமாக, சுரண்டிய கோடுகளோடு தெரிகிறது. அசிட்டோன் தோய்த்த பஞ்சில் பச்சை ஒட்டி வந்தது. 1,700 வருடக் களிம்பு அசிட்டோனுக்கு அசையாது. பூசின சாயம்தான் கரையும்.

விற்றவரிடம் கேட்டால், "படத்தில் பார்த்ததுதானே வந்திருக்கிறது?" மறுபடி எழுதினால், "எங்கள் நிபுணரிடம் கேட்டுச் சொல்கிறோம்." நிபுணர் வாய் திறப்பதற்குள் 14 நாள் கெடு தீர்ந்தது. தளத்தில் புகார் கொடுத்தால், உத்தரவாதம் 'பழங்காசு' என்பதற்குத்தானாம், வாசகத்துக்கு இல்லையாம். அப்படியானால் 165 பவுண்ட் எதற்கு வாங்கினீர்கள்? அந்த விலையே வாசகத்துக்குத்தானே!

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போது இவ்வளவுதான் வருகிறது. எழுத்தை எண்ணுங்கள்: 'எஃப்எல் டெல்மேஷியஸ் நோப் சி' (FL DELMATIVS NOB C) மொத்தம் 15, அசலில் சீராகப் பரவியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள், தர மறுத்தால் விடுங்கள். அக்கசாலைக் குறியை நீங்களே பட்டியலோடு ஒப்பிடுங்கள். 'பி' முன்னால் வந்து 'கான்ஸ்ட்' என்று 'டி'யில் முடிந்தால் (PCONST) அது இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரம், கான்ஸ்டான்டிநோபிள் இல்லை. உத்தரவாதம் வாசகத்துக்கும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். 'டெல்' (DEL) இருக்க வேண்டிய இடத்தில் A போட்டு 'டல்' (DAL) என்று அடித்த அசல் காசும் உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், தோற்பீர்கள்.