லைனர் அருமை, ஆனால் அந்த டீ இணைப்பு இருக்கிறதே…

நண்பர் ஒருவர் விறகு ஸ்டவ் வாங்கிவிட்டு, பழைய செங்கல் புகைபோக்கிக்குள் என்ன லைனர் (புகை போக உள்ளே இறக்கும் உலோகக் குழாய்) இறக்கலாம் என்று கேட்டார். எங்கள் லைனரின் அடியில் அதை ஸ்டவ்வோடு சேர்க்கும் டீ இணைப்பை (T எழுத்து வடிவக் குழாய்) இப்போதுதான் சரிசெய்து முடித்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வளையும் வகை. ஸ்டவ்வின் புகைவாய் 6 அங்குலம், லைனரும் உச்சி மூடி வரை அதே 6 அங்குலம். நடுவில் எங்கேயும் குறுக்கக் கூடாது. அதன்மேல் அரை அங்குல செராமிக் ஃபைபர் போர்வை சுற்றியிருக்கிறது. செலவைக் குறைக்கப் பலர் முதலில் கழற்றிவிடுவது இதைத்தான், ஆனால் எனக்கு இந்த அமைப்பிலேயே மிகப் பிடித்தது இதுதான். எங்கள் புகைபோக்கி வெளிச்சுவரில் இருக்கிறது, குளிர்காலத்தில் செங்கல் சில்லிட்டுக் கிடக்கும். புகை மேலே போகும்போதே ஆறி, சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கிரியோசோட் (புகையிலிருந்து உறையும், தீப்பற்றக்கூடிய தார்) படியத் தொடங்கும், அது தீப்பிடித்தால் உள்ளே 1,000 டிகிரியைக்கூடத் தாண்டும். போர்வை இருப்பதால் புகை சூடு குறையாமல் வெளியேறுகிறது, தீ மூட்டிய உடனே இழுவை (புகையை மேலே இழுக்கும் காற்றோட்டம்) பிடிக்கிறது, கதவைத் திறந்து விறகு போட்டாலும் அறைக்குள் புகை வருவதில்லை. ஆண்டுதோறும் சுத்தம் செய்யும்போது பொடிக்கரிதான் விழுகிறது, தார்போல ஒட்டியது எதுவும் இல்லை. (விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பச்சை விறகை எரித்தால் எந்த லைனரும் காப்பாற்றாது.)

அப்புறம் அந்த டீ. குறுகலான புகைபோக்கிக்குள் இறக்க வேண்டும் என்பதால் அதன் மூக்கை, அதாவது ஸ்டவ் பக்கம் நீளும் கிளைக் குழாயை, தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள், சரி, புரிகிறது. ஆனால் அதைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய பட்டையும் ஒரு திருகும் மட்டுமே! சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பட்டை தளர்ந்து மூக்கு விலகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, இழுவை மந்தமான பிறகுதான் சந்தேகமே வந்தது. அந்த இடைவெளி வழியாகக் குளிர்ந்த காற்று லைனருக்குள் போகும், காற்று எதிர்த்து அடித்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே வரலாம். இறுக்குவதற்கு ஸ்டவ்வை நகர்த்தி, லைனரைச் சுற்றிப் புகைபோக்கியின் அடிவாயை அடைத்திருந்த தகட்டையும் கழற்ற வேண்டியிருந்தது.

அதனால் இவ்வளவு புகழ்ந்த பிறகும் இதே செட்டை வாங்கு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்வை கட்டாயம் இருக்கட்டும், ஆனால் மூக்கு உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் வேறு செட்டாகப் பாருங்கள், இடம் இருந்தால் மூக்கோடு சேர்த்து வெல்டிங் செய்த டீயே நல்லது. லைனர் ஓரிடம், டீ ஓரிடம் என்று கலந்து வாங்க வேண்டாம், பாதுகாப்புச் சான்று முழு அமைப்பாகச் சோதித்துத்தான் தரப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதல் தீ மூட்டுவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.