பூமியின் இந்தப் பக்கம் ஸ்பெயின், அந்தப் பக்கம் நியூசிலாந்து

ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதிலிருந்து பூமியின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது நியூசிலாந்தின் வடக்குத் தீவில் வெபர் என்ற சிற்றூரின் அருகே வெளியே வரும். இந்த இரண்டு நாடுகளில் எதில் குடியேறலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் சம்பளப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் தினமும் உரசுவது வேறு விஷயங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பாடு கிடைக்கும், வீட்டில் எந்தப் பக்கம் வெயில் விழும், வாடகை எப்படிக் கணக்காகிறது.

ஸ்பெயினின் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. மத்ரீத் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது; 1940இல் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, மத்திய ஐரோப்பாவோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வரவே பிற்பகல் 2 மணி தாண்டிவிடும். மதியச் சாப்பாடு 2 முதல் 3.30 வரை, இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். வார நாட்களில் ‘மெனு தெல் தியா’ வாங்குவது மலிவு: இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காப்பியோ. மாலை 7 மணிக்கு முழுச் சாப்பாடு தேடினால் பெரும்பாலும் சமையலறை திறந்திருக்காது.

நியூசிலாந்தில் இது அப்படியே தலைகீழ். பல கஃபேக்கள் பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடும். வீடுகளில் 6, 7 மணிக்கு இரவுச் சாப்பாடு முடிகிறது. சிற்றூர்களில் 9 மணிக்கு மேல் பசித்தால் பெட்ரோல் பங்க் கடைதான் கதி. சிறு பிள்ளைகளை நேரத்தோடு தூங்கவைக்க விரும்பும் குடும்பத்துக்கு இந்த ஒழுங்கு பெரிய நிம்மதி. தெருவில் மனிதர்களைப் பார்த்தால்தான் பொழுது போகும் என்பவர்களுக்கு முதல் குளிர்காலமே கனத்துவிடும்.

வீடு பார்க்கும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானில் நகர்கிறது. எனவே நியூசிலாந்தில் கூடமும் படுக்கையறையும் வடக்கு பார்த்திருக்க வேண்டும். தெற்கு பார்த்த அறை குளிர்காலம் முழுக்க ஈரமாகவே கிடக்கும். பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பியவை, வெப்பம் தங்காது. வாடகை வீடுகளின் கூடத்தை 18 டிகிரிக்குச் சூடாக்கும் நிலையான ஹீட்டர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2025 ஜூலை 1 முதல் எல்லா வாடகை வீடுகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் அந்த விதி கூடத்துக்கு மட்டும்தான், படுக்கையறைக்கு இல்லை. பார்க்கப் போகும்போது அலமாரியின் பின்பக்கச் சுவரில் பூஞ்சை இருக்கிறதா, குளியலறையில் காற்றுப்போக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடுவதும் ஈரத்துக்குப் பெரிய காரணம்.

ஸ்பெயினில் கவலை வெக்கையும் மின்சாரமும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ‘பெர்சியானா’ என்ற சுருள்கதவைக் காலையிலேயே இறக்கிவிட்டு, இரவில் ஏற்ற வேண்டும். மின் ஒப்பந்தத்தில் எத்தனை கிலோவாட் என்று முன்பே வரையறுத்திருப்பார்கள். 3.45 கிலோவாட் எடுத்த வீட்டில் ஏசி, ஓவன், வாஷிங் மெஷின் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். மூன்று நேரக்கட்டண முறையில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும்தான் அதிகக் கட்டணம். நள்ளிரவு முதல் காலை 8 வரையும் வாரயிறுதி முழுவதும் மலிவு.

நியூசிலாந்தில் வாடகை வாரக்கணக்கு. வாரம் 600 டாலர் என்றால் நாலால் பெருக்கி 2,400 என்று நினைத்துவிடாதீர்கள். 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 2,600. வளர்ப்புப் பிராணி இல்லாவிட்டால் முன்பணம் அதிகபட்சம் நான்கு வார வாடகை, அதை வீட்டுக்காரர் அரசிடம் கட்ட வேண்டும். ஸ்பெயினில் சட்டப்படியான முன்பணம் ஒரு மாத வாடகை. அதற்கு மேலும் உத்தரவாதம் கேட்கலாம். வாடகைக்காரர் விரும்பினால் ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கும் உரிமை உண்டு. நியூசிலாந்தில் காலவரையறை இல்லாத வாடகையை 90 நாள் அறிவிப்பில், காரணம் சொல்லாமலே முடிக்கலாம். 2025 ஜனவரி இறுதியிலிருந்து அது திரும்பவும் சட்டம். வாடகை வீட்டில் நிலைத்திருக்கும் உறுதியில் ஸ்பெயின்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை.

மருத்துவத்திலும் அப்படியே. ஸ்பெயினில் பொதுச் சுகாதார அட்டை கையில் வந்துவிட்டால் உள்ளூர்ச் சுகாதார மையத்தில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. நியூசிலாந்தில் பதிவுசெய்த 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டும். விபத்துக் காயம் மட்டும் விதிவிலக்கு: 1974 முதல் இருக்கும் ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீட்டுத் திட்டம், தவறு யாருடையது என்று கேட்காமல், சுற்றுலாப் பயணிக்குக்கூட சிகிச்சைச் செலவில் கைகொடுக்கிறது.

காகித வேலையில் நியூசிலாந்து இலகு. ஐஆர்டி எண் என்ற வரி எண்ணை மட்டும் முதல் சம்பளத்துக்கு முன் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 45 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஸ்பெயினில் முதல் படி நகராட்சியில் முகவரிப் பதிவு. சுகாதார அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் அதைக் கேட்டே நகரும், அதற்கும் பல ஊர்களில் முன்பதிவு வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மாதத்தையும் பார்த்துக் கிளம்புங்கள். ஸ்பெயினில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, நியூசிலாந்தில் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ. ஜூனில் ஸ்பெயினில் ஆண்டை முடித்த பிள்ளை ஜூலையில் நியூசிலாந்துக்கு வந்தால், அடுத்த வகுப்பின் நடுவில் போய் உட்கார வேண்டியிருக்கும்.