ஹோகர்ஹைடேயின் சேற்றில் ஒரு நாள்: அல்பெசின் அணியைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம்

நெதர்லாந்தின் தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஹோகர்ஹைடே கிராமத்தில், வழக்கமாக ஜனவரிக் கடைசியில் சைக்ளோ-கிராஸ் உலகக் கோப்பையின் ஒரு சுற்று நடக்கிறது. பந்தயத்துக்கு ஆட்ரி வான் டெர் போயலின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1996-இல் சைக்ளோ-கிராஸ் உலகச் சாம்பியனான இவர், அதற்கு முன்பே 1986-இல் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், 1988-இல் லியேஜ்-பஸ்டோன்-லியேஜ், 1990-இல் ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸ் என்று சாலைப் பந்தயங்களிலும் வென்றவர். இவருடைய மகன் மத்யூவையும், மத்யூ சவாரி செய்யும் அல்பெசின் அணியையும் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்துவந்த நான், ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நுழைவுச்சீட்டு வாங்கிப் போனேன். அந்த ஒரு நாளுக்குக் கொடுத்த பணமும் நேரமும் தகுமா என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

தகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கே போய் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது தகும். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் முடிவுக்கோட்டருகிலும் சரிவுகளிலும் இடம் பிடித்துக்கொண்டார்கள். நான் சைக்கிள் மாற்றும் இடத்தின் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றேன். பிட் என்று அழைக்கப்படும் இந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றதில் அறிந்துகொண்ட அளவு, பல குளிர்காலங்கள் திரையில் பார்த்தபோதுகூட அந்த அணியைப் பற்றி நான் அறிந்ததில்லை.

இந்த விளையாட்டு புதிதாக இருப்பவர்களுக்காகச் சில வரிகள். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரை நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதை புல், சேறு, மணல், மேடு, படிக்கட்டு என்று எல்லாவற்றின் ஊடாகவும் போகும். ஆண்கள் இதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வழியில் குறுக்கே நிற்கும் பலகைகள் 40 சென்டிமீட்டர் உயரம் வரை இருக்கலாம். ஓட்ட முடியாத இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். பழுதானாலோ சேறு அப்பினாலோ வேறு சைக்கிளுக்கு மாறிக்கொள்ளலாம்; ஆனால் பிட்டில் மட்டுமே மாற முடியும், வேறெங்கே டயர் பஞ்சரானாலும் அதே வண்டியோடு பிட்டு வரைக்கும் வந்து சேர்ந்தாக வேண்டும்.

அதனால்தான் பிட் இந்தப் பந்தயத்தின் அடுப்படியாக இருக்கிறது. பெரும்பாலான பாதைகளில் வீரர்கள் ஒரு சுற்றில் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு பக்கங்களில், இதைக் கடந்து போவார்கள். ஒரு பக்கம் வாங்கிய அழுக்கு வண்டியை மெக்கானிக் அவசரமாகத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் குழாய்களிடம் ஓடுகிறார், வரிசையில் நின்று கழுவுகிறார், அடுத்த பக்கம் வீரர் வந்து சேர்வதற்குள் அதைத் தயாராக நிறுத்தியாக வேண்டும். எனக்கு மூன்றடி தூரத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர், தண்ணீர்த் துப்பாக்கியை முதலில் செயினுக்கும் பின் கியருக்கும் காட்டினார், அப்புறம் பிரேக் பக்கம் வந்தார், சட்டத்தைக் கடைசியாகத்தான் தொட்டார். செயினில் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்த பிறகு, முன் டயரையும் பின் டயரையும் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினார். சேற்றில் இந்த டயர்களில் ஒன்றரை பார் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் காற்று இருக்கும். அந்த அளவில் சிறு வித்தியாசமும் வளைவில் வழுக்குவதா பிடிப்பதா என்பதை முடிவு செய்துவிடும். அளவுமானியை எடுக்க நேரமில்லாத இடத்தில் அவருடைய கட்டைவிரலே அளவுமானியாகிவிடுகிறது.

வீரர் பிட்டுக்குள் நுழைந்ததும் ஓட்டிவந்த சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறார். ஒருவர் அதன் இருக்கையைப் பிடித்து இழுத்துக்கொள்ள, சில அடி தள்ளி இன்னொருவர் சுத்தமான வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு எட்டு ஓடி, கைப்பிடியைப் பற்றி, தாவி ஏறிப் போய்விடுகிறார் வீரர். இதற்குள் பேச்சே கிடையாது. தொலைக்காட்சியில் வேறு கோணத்துக்கு மாறும் இடைவெளியில் இதெல்லாம் முடிந்துவிடும்; சில சமயம் வண்டி மாறியதே தெரியாது. நேரில் பார்க்கும்போது, பந்தயத்தின் பாதி இந்தக் கம்பிக்கு உள்ளேதான் நடக்கிறது என்ற உணர்வு எழுவதைத் தவிர்க்க முடியாது.

இந்த அணியின் கதையும் இப்படிப்பட்ட சேற்றில்தான் தொடங்கியது. ஃபிலிப், கிறிஸ்டாஃப் என்ற ரோட்ஹோஃப்ட் சகோதரர்கள் முதலில் நடத்தியது சைக்ளோ-கிராஸை மையமாகக் கொண்ட சிறிய பெல்ஜிய அணி ஒன்றை. அதன் முதல் நட்சத்திரம் நீல்ஸ் ஆல்பர்ட். 2009-இல் இதே ஹோகர்ஹைடேயிலும், 2012-இல் கோக்சைடேயின் மணலிலும் உலகச் சாம்பியன் ஆனவர், இதயத் துடிப்பில் கண்டறியப்பட்ட கோளாறு காரணமாக 2014-இல் பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. வளர்ந்துகொண்டிருந்த மத்யூ அதற்கடுத்த ஆண்டே டாபரில் முதல் உலகப் பட்டத்தை வென்றார். 2019, 2020, 2021, 2023, 2024, 2025 என்று பட்டங்கள் தொடர்ந்து வந்தன. இவற்றில் 2023-ஆம் ஆண்டின் பட்டம் இதே ஊரில் கிடைத்தது. கடைசி வரை ஒட்டிக்கொண்டு வந்த பெல்ஜியப் போட்டியாளர் வவுட் வான் ஆர்ட்டை இறுதி ஓட்டத்தில் முந்தி அவர் கோட்டைத் தொட்டார். அந்தச் சரிவுகளில் நடந்து போகும்போது அந்த ஞாபகம் வராமல் இருக்காது.

ஆதரவாளர் நிறுவனங்கள் மாறும்போதெல்லாம் அணியின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2019-இல் கொரெண்டன்-சர்க்கஸ், 2020-இல் அல்பெசின்-ஃபீனிக்ஸ், 2022-இலிருந்து அல்பெசின்-டெகோனிங்க். அல்பெசின் ஒரு ஜெர்மானிய ஷாம்பூ. டெகோனிங்க் பெல்ஜியத்தில் ஜன்னல் சட்டங்கள் செய்யும் நிறுவனம். 2026-இலிருந்து இரண்டாவது பெயரின் இடத்துக்குக் கனடாவின் பிரீமியர் டெக் வந்திருக்கிறது. பெயர்ப்பலகை எதுவானாலும் நடத்துபவர்கள் அதே சகோதரர்கள். இரண்டாம் நிலை அணியாக இருந்தபோதே பெரிய பந்தயங்களை வென்று காட்டிவிட்டு, 2023-இல் உலகச் சுற்றின் முதல் நிலை உரிமத்தைப் பெற்றார்கள்.

சாலையில் இவர்கள் செய்திருப்பதைப் பார்த்தால் சேற்றில் கற்றது எங்கே பயன்படுகிறது என்று புரியும். 2024-ஆம் ஆண்டின் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸில், மழையில் நனைந்து வழுக்கிய கோப்பன்பெர்க் கற்சரிவில் பலர் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து ஏறினார்கள். மத்யூ இறங்கவில்லை, அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தனியாகப் போய் வென்றார். ஒரு வாரம் கழித்துக் கற்சாலைகள் நிறைந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தனியாக ஓட்டி மூன்று நிமிட வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ரூபேயில் இரண்டாம் இடமும் இதே அணிக்குத்தான், யாஸ்பர் ஃபிலிப்சன் வழியாக வந்தது. 2025-இலும் வென்று மத்யூ ரூபேயைத் தொடர்ந்து மூன்று முறை தன் பெயரில் எழுதிக்கொண்டார். பின் சக்கரம் வழுக்கும்போது உடம்பை விறைக்காமல் வண்டியை அதன் போக்கில் விட்டுப் பிடிக்கும் அந்தப் பழக்கத்தை, ஹோகர்ஹைடேயின் சாய்வான புல் மேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் நான் கண்ணெதிரே பார்த்தேன்.

எனக்கு இந்த அணியிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 2024-இன் மிலான்-சான்ரெமோவில், தானே வெல்லக்கூடிய நிலையில் இருந்த மத்யூ, கடைசிக் கிலோமீட்டர்களில் ஃபிலிப்சனுக்காக உழைத்தார், ஃபிலிப்சன் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே பந்தயத்தை மத்யூ வென்றிருக்கிறார். 2022-இல் முதன்முதலாக நடந்த கிராவல் (சரளைப் பாதை) உலகப் போட்டியில் பட்டம் வென்ற ஜியானி வெர்மீர்ஷும் அப்போது இந்த அணியின் உழைப்பாளிதான். அவரும் சைக்ளோ-கிராஸில் வளர்ந்தவர். 2021-இன் டூர் டி ஃபிரான்ஸில் மூர்-டி-பிரெட்டாஞ்ஞில் வென்று மத்யூ, ஒட்டுமொத்தத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்தபோது, எட்டு முறை முதல் மூவருக்குள் முடித்தும் ஒரு நாள்கூட அந்தச் சட்டையை அணிய முடியாமல் போன அவருடைய தாத்தா ரேமோன் புலிடோர் மறைந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பந்தயத்தின் தொடக்கத்தில் தாத்தாவின் பழைய அணியின் ஊதாவையும் மஞ்சளையும் கொண்ட சட்டையை அணி முழுவதும் அணிந்து வந்தது. அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஹோகர்ஹைடேயில் வாங்கும் நுழைவுச்சீட்டு நாள் முழுவதுக்குமானது, பெண்களின் பந்தயம் ஆண்களுக்கு முன்பே நடக்கிறது, ஆனால் அதைப் பார்க்காமல் உணவுக் கூடாரத்திலேயே நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது. 2020-இல் சைக்ளோ-கிராஸ் உலகச் சாம்பியனான சேலின் அல்வராடோவும், பக் பீட்டர்சேயும் இந்தச் சகோதர அணியின் முகங்களாக இருந்துவந்தவர்கள். பீட்டர்சே 2024-இல் மலைச் சைக்கிள் உலகப் பட்டத்தையும், அதே ஆண்டில் பெண்கள் டூர் டி ஃபிரான்ஸில் லியேஜில் முடிந்த ஒரு நாள் கட்டத்தையும், 2025-இல் ஃபிளெஷ் வலோனையும் வென்றிருக்கிறார். பலகைகளின் முன்னே இறங்காமல் சைக்கிளோடு தாவுகிறவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாவலை நேரில் கேட்க வேண்டும்: இரண்டு சக்கரங்களும் தரையைத் தொடும்போது செயின் சட்டத்தில் அடிக்கும் ஓசை, பிறகு சுற்றி நிற்பவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை விடும் ஓசை.

குறைகளும் உண்டு. மத்யூ வந்தால் பல பந்தயங்கள் முதல் இரண்டு சுற்றுகளிலேயே முடிந்துவிடுகின்றன. 2023-24 குளிர்காலத்தில் கலந்துகொண்ட 14 பந்தயங்களில் 13-ஐ வென்றார். தவறியது ஸ்பெயினின் பெனிடார்மில் மட்டும். முதலிடத்துக்கான போட்டியைப் பார்க்கவே பணம் கொடுத்து வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். சாலைப் பருவத்துக்காக உடம்பைக் காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நீளும் பருவத்தில் அவர் டிசம்பரை ஒட்டித்தான் வருகிறார், அதிலும் தேர்ந்தெடுத்த சில பந்தயங்களுக்கு மட்டும். எனவே வருகிறார் என்று உறுதியான பிறகே சீட்டு வாங்குவது நல்லது. சாலையிலும் இந்த அணிக்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்று வாரப் பெரும் பந்தயங்களில் கட்டங்களையும், புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையையும் வெல்வார்கள், 2023-இல் ஃபிலிப்சன் வென்றதைப் போல. ஆனால் உயர்ந்த மலைகளில் ஒட்டுமொத்த வெற்றிக்குப் போட்டியிடும் வீரர் இவர்களிடம் இல்லை. ஜூலையில் ஆல்ப்ஸ் மலைகளுக்காக மட்டும் சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்த அணி நிறைவு தராது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தைகள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம். சாதாரணக் காலணியோடு போனால் மதியத்துக்குள் அது உருத்தெரியாமல் போய்விடும். காலையிலேயே போய்விடுங்கள். அணிகளின் வாகனங்கள் நிற்கும் பகுதியில், அவர்கள் கூடாரத்துக்கு வெளியே உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வதைக் கை நீட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ உலகச் சாம்பியன் ஒருவரை ஆட்டத்துக்கு அரை மணி முன்பு இவ்வளவு அருகில் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. யாரும் அவர்களைத் தொந்தரவு செய்வதும் இல்லை. குழந்தைகள்கூட அமைதியாக நிற்கிறார்கள்.

பந்தயம் முடிந்ததும் கூட்டம் மேடையை நோக்கி நகர்ந்தது. நான் பிட்டருகிலேயே நின்றேன். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்த அந்த மெக்கானிக், கடைசி வண்டியையும் கழுவி முடித்துவிட்டு, தன் பூட்ஸின் மேல் தண்ணீரைத் திருப்பிச் சேற்றைக் கழுவிக்கொண்டார். பிறகு இரண்டு தோள்களிலும் இரண்டு சைக்கிள்களை மாட்டிக்கொண்டு, அணியின் வாகனம் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார்.