ஆறு மாதக் குழந்தையின் முதல் உணவு: கேழ்வரகுக் கூழா, டப்பா மாவா, கையில் கொடுக்கும் துண்டா?

குழந்தைக்கு நூற்றெண்பது நாள் நிறையும் வாரத்தில் பல வீடுகளில் மூன்று கட்சிகள் உருவாகிவிடுகின்றன. கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சிய கூழே போதும் என்பார் பாட்டி. மருந்துக்கடையில் விற்கும் டப்பா மாவை வாங்கிவந்து வைப்பார் அப்பா. வேகவைத்த காரட் துண்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று எங்கோ படித்த அம்மா தயங்கி நிற்பார். மூன்றுக்கும் நியாயம் உண்டு, மூன்றுக்கும் குறையும் உண்டு. ஆனால் வீட்டுச் சண்டைகளில் பேசப்படும் குறைகள் பெரும்பாலும் உண்மையான குறைகள் அல்ல.

கூழிலிருந்து தொடங்கலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதால், தானியங்களுள் அதற்கு இணை இல்லை என்ற புகழ் நியாயமானதே. சிக்கல் தானியத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு தம்ளர் தண்ணீருக்குப் பத்து கிராம் மாவு போட்டுக் காய்ச்சும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்தத் தம்ளர் முழுவதிலும் கிடைப்பது முப்பது கலோரிக்குச் சற்றே மேல். ஆறு முதல் எட்டு மாதம் வரையிலான குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தையின் இரைப்பையோ, எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு அந்த ஒரு தம்ளரிலேயே வயிறு நிறைந்துவிடும். 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் 65 கலோரிக்குக் குறையாமல் இருக்கும்போது, அதில் கால்பங்குச் சக்திகூட இல்லாத ஒன்றைக் கொண்டு தாய்ப்பாலுக்குரிய இடத்தை நிரப்பிவிடுகிறோம் என்பதே இந்த நீர்த்த கூழின் பெருங்குறை. தவிரவும், கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தில் கணிசமான பகுதி மேல்தோலை ஒட்டியே இருப்பதால், துணியில் தங்கும் திப்பியோடு அதிலும் ஒரு பங்கு போய்விடுகிறது.

இதற்குத் தீர்வும் பாட்டிமார் கைவசமே இருந்தது. கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்தால், முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைக்கின்றன. அதனால் மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கூழ் பசைபோல் இறுகாமல், ஊட்டத்தக்க பதத்திலேயே இருக்கும். சத்துகளை உடல் ஏற்பதைத் தடுக்கும் பைட்டேட்டும் குறையும். முளைகட்டிய தானிய மாவின் இந்த இயல்பை வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தினர் 1980களில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். காய்ச்சி இறக்கிய கூழில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் மட்டுமே 45 கலோரி கூடுகிறது. பத்து கிராம் மாவு தருவதைவிட அது அதிகம்.

டப்பா மாவின் வலு இரும்புச்சத்து. பிறக்கும்போது சேமித்துக்கொண்டு வந்த இரும்பு ஆறாவது மாதத்தையொட்டிக் கரையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. கூழில் இருப்பதும் எளிதில் உடலில் சேர்வதில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த நிலையில், இரும்பு சேர்த்த மாவை ‘செயற்கை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சிலவற்றில் சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படிக்க வேண்டும். (இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டின் சட்டமும் 2003இல் வந்த அதன் திருத்தமும் தடைசெய்கின்றன; நமக்குப் பரிந்துரைகள் பெரும்பாலும் உறவினர் வாய்வழியாகவே வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) மற்றொரு குறை அதன் வழவழப்பு. பத்து மாதத்திற்குப் பிறகும் கட்டியே இல்லாத உணவை மட்டும் உண்ட குழந்தைகளுக்குப் பின்னர் உணவூட்டுவது கடினமாக இருந்ததை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்த நெடுங்கால ஆய்வு காட்டியது. மெல்லுவதும் பழகிப் பெறவேண்டிய திறன்தான்.

மூன்றாவது வழி, குழந்தை தானே எடுத்துண்ண விடுவது. ‘பேபி லெட் வீனிங்’ என்ற பெயரில் இதைப் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜில் ராப்ளி. மூச்சடைத்துவிடும் என்பதே இதற்கெதிரான முதல் வாதம்; நியூசிலாந்தில் 206 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், கரண்டியால் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் மூச்சடைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பெற்றோர்களுக்கு எதைக் கொடுக்கக்கூடாது, ஒவ்வொரு வேளையும் இரும்பும் சக்தியும் மிகுந்த உணவு ஏன் வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டது. அதை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், வேகாத காரட் ஆகியவை எந்த முறையிலும் கூடாது. குமட்டலுக்கும் மூச்சடைப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்: குமட்டும் குழந்தை இருமும், ஓசை எழுப்பும், மூச்சடைத்த குழந்தையிடம் ஓசையே எழாது. அப்போது விரலை வாய்க்குள் விட்டுத் துழாவாமல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்து முறை தட்ட வேண்டும். பலன் இல்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் தானே எடுத்துண்ணும் முறையை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். மற்றவர்களுக்கு எட்டு மாதம் முதல் மென்மையான இட்லித் துண்டையும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் ஊட்டலுடன் சேர்த்துக் கையில் கொடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. சோறு வீணாகிறதே என்ற கவலைக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை, வீணாகத்தான் செய்யும்.

என் தேர்வு இம்மூன்றில் எதுவுமில்லாத நான்காவது ஒன்று: குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் சேர்த்து விரலால் மசித்த பருப்புச் சாதம். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் கெட்டி வேண்டும். ஏழாவது மாதத்தில் மசிப்பைச் சற்றுக் குறைத்து, ஒன்பதாவது மாதத்தில் பருக்கை தெரியும்படி கொடுக்கலாம். முளைகட்டிய மாவின் கூழ் நாளில் ஒரு வேளைக்கும், டப்பா மாவு பயணத்திற்கும் இருக்கட்டும். எதிலும் முதல் ஆண்டில் உப்பும் சர்க்கரையும் தேனும் வேண்டா. தேனில் பச்சிளங்குழந்தைக்கு பாட்டுலிசம் என்னும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்.

பருப்புச் சாதத்திலும் இரும்பு போதாது. அசைவம் உண்ணும் வீடுகளில் நன்கு வெந்த முட்டையையும், முள் நீக்கிய மீனையும், மசித்த ஈரலையும் ஒரு வயது வரை தள்ளிவைக்கும் வழக்கத்திற்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரமில்லை. தள்ளிவைப்பதால் ஒவ்வாமை குறைவதுமில்லை. புதிய உணவை முதன்முறை காலை வேளையில் ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்தால், உடலில் தடிப்போ வாந்தியோ வந்தாலும் பகலிலேயே கவனித்து மருத்துவரிடம் செல்ல இயலும்.