ரவுதவாராவை எதில் தொடங்குவது: பறவைகளா, தேவதையா?

பின்லாந்து இசையமைப்பாளர் எய்னோயுஹானி ரவுதவாராவை (1928–2016) கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு படைப்புகளுக்கு நடுவே தடுமாறுவார்கள்: 'கான்டஸ் ஆர்க்டிகஸ்' (1972), 'ஏழாம் சிம்பொனி – ஒளியின் தேவதை' (1994).

நேரம்: கான்டஸ் 18 நிமிடம் போல. சிம்பொனிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

பிறந்த கதை: முன்னது ஊலு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்காக எழுதியது. பின்னது அமெரிக்காவின் புளூமிங்டன் இசைக்குழு கேட்டு எழுதியது.

ஒலி: கான்டஸில் தனி வாத்தியக்காரர் கிடையாது; அந்த இடத்தில் வடக்குச் சதுப்பு நிலங்களில் பதிவு செய்த பறவைக் குரல்கள். முதலில் இரண்டு புல்லாங்குழல்கள் சுழன்று பேசும், அப்புறம் பறவைகள் சேரும். இரண்டாம் பகுதியில் வானம்பாடி வகைப் பறவை ஒன்றின் குரலை வேகம் குறைத்து, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். கேட்டால் பறவை என்றே தோன்றாது. எனக்கு அதுதான் மொத்தத்திலும் பிடித்த இடம். சிம்பொனியில் ஆர்க்கெஸ்ட்ரா மட்டுமே. தந்தி வாத்தியங்கள் மெல்ல விரியும், இரண்டாம் பகுதியில் பித்தளைக் குழல்கள் முரட்டுத்தனமாகப் பாயும்.

எளிமை: இரண்டுமே காதை உறுத்தாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பன்னிரண்டு சுர முறையில் (பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வைத்து எழுதும், பலருக்குக் காதில் கடினமாக விழும் முறை) எழுதியவர் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

சரி, எது யாருக்கு? மேற்கத்திய இசைக்குப் புதியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கான்டஸ், ஹெட்ஃபோனில். இன்னொரு பின்லாந்து இசையமைப்பாளரான சிபேலியஸின் சிம்பொனிகள் பழகியவருக்கு ஏழாவது. லெய்ஃப் செகர்ஸ்டாம் நடத்திய ஹெல்சின்கி பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பதிவைத் தேடுங்கள்.