குடவோலையா, ஏதென்ஸ் குலுக்கலா?

தேர்தல் சண்டை வேண்டாம், சீட்டுக் குலுக்கியே பொறுப்பாளரை எடுப்போம் என்று யோசிக்கும் சங்கங்களுக்குப் பழைய முன்மாதிரிகள் இரண்டு: உத்திரமேரூர் (கி.பி. 921, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம்), கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்.

யார் நிற்கலாம்?
உத்திரமேரூர்: வயது 35 முதல் 70. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. பிராமண ஊர்ச்சபை என்பதால் மற்றவர்களுக்கு இடமே இல்லை.
ஏதென்ஸ்: 30 வயதான ஆண் குடிமகன். பெண்கள், அடிமைகள், வெளியூரார் கிடையாது.

எப்படி எடுப்பது?
உத்திரமேரூர்: 30 குடும்பு, அதாவது வார்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அவனிடம் ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி, உரக்கப் படிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைக்க வழியில்லை!
ஏதென்ஸ்: 10 குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் அவை. நீதிமன்ற நடுவர்களை எடுக்க, அவர்கள் பெயர்த்தகடுகளை வரிசை வரிசையாகச் செருகும் கல் இயந்திரம். வெள்ளை உருண்டை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் தேர்வு.

கணக்கு?
உத்திரமேரூர்: பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினருக்கும் தடை. மறுபடி பதவிக்கு வர மூன்று ஆண்டு இடைவெளி கட்டாயம்.
ஏதென்ஸ்: ஓராண்டு முடிந்ததும் தணிக்கை. அவையில் வாழ்நாளில் இரு முறைதான்.

பணம் புழங்கும் சிறு சங்கத்துக்குக் குடவோலை விதிகளே பொருந்தும். நிலம், சாதித் தகுதிகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கானோர் முறை வைத்துச் செய்யும் வேலைக்கு ஏதென்ஸ். தனித்திறமை தேவைப்படும் பொறுப்புக்கு இரண்டும் ஆகாது: ஏதென்ஸே தன் 10 தளபதிகளை வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தது.